கதவைச் சாத்திவிட்டுப் போகவும்

காமாரெஸ் துறைமுகத்தில் கப்பல் எங்களைக் கொட்டியபோது
மணி ஏழே முக்கால். ஞாயிற்றுக்கிழமை.
பேருந்து ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் செய்தித்தாளை விரித்து
கால்பந்து முடிவுகளில் இருந்தார்.
திரும்பும் கப்பல் ஆறரைக்கு.
சிஃப்னோஸே,
உனக்கென்று என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

அப்பொலோனியாவில்
அடுமனை வாசலில் கொஞ்சம் கூட்டம்.
நேற்றிரவு அடுப்புக்குள் போன கொண்டைக்கடலைப் பானைகள்
இப்போதுதான் வெளியே வருகின்றன,
மூடியில் சாக்குக்கட்டியால் எழுதிய பெயரோடு.
ஒருவர் தன் பானையை ஸ்கூட்டரில் வைத்து
இரண்டு முழங்காலாலும் இடுக்கிக்கொண்டு போனார்.
நான் ஓர் எள் வளையம் வாங்கி
மலையைச் சுட்டிக் காட்டினேன்.
புருவம்வரை மாவு படிந்த பெண்
மேலே பார்த்து ஒரே சொல் சொன்னாள்.
அது காற்று என்பதை
அரை மணி நேரம் கழித்துக் காற்றே சொன்னது.

படிகள் கழுதையின் காலுக்கு அளந்தவை.
என் கணக்கில் ஒன்றரை அடி,
ஒவ்வொரு முறையும் அதே காலே முந்தியது.
தைம் புதர்கள். முள். மறுபடி முள்.
சுண்ணாம்பு அடித்த, ஆளில்லாத சிறு கோயில்கள்
திருப்பத்துக்கு ஒன்றாக.

பிறகு அந்தக் கதவு.
கதவு என்றால்,
யாரோ படுத்தெழுந்து தேய்ந்த இரும்புக் கட்டிலின் தலைமாடு,
துருக்கம்பியால் முறுக்கிக் கட்டியது.
அட்டையில் நான்கு மொழிகள், நான்கிலும் எழுத்துப்பிழை:
சாத்திவிட்டுப் போகவும். ஆடுகள்.
கம்பியைப் பிரித்தேன், நுழைந்தேன்,
அந்த நொடியில் ஒரு வல்லூறு
காற்றில் ஆணியடித்ததுபோல் நின்றது.
கேமராவை எடுத்தேன்.

உச்சி மடத்து மதிலில் சாய்ந்து உட்கார்ந்தபோது
பாரோஸ், செரிஃபோஸ், கிமோலோஸ்,
வரைபடத்தில் பெயரில்லாத இரண்டு பாறைகள்,
நடுவே யாரும் இன்னும் மடித்து வைக்காத நீலம்.
இதற்காகத்தான் வந்தேன்.
எள் வளையத்தைக் கடித்தேன்.
சாத்தினேனா?

கேமராவை முடுக்கிப் பார்த்தேன்.
வல்லூறு ஒரு கரும்புள்ளி.
படத்தின் கீழ்மூலையில், துல்லியமாக,
கட்டில் தலைமாடு
ஒருக்களித்துத் திறந்திருந்தது.

ஏறியது இரண்டரை மணி நேரம்.
இறங்கியதை இறங்கியது என்று சொல்லக் கூடாது.

கோயிலுக்குப் போன நல்ல பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
துடைப்பத்தோடு ஓடிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
அர்கிரோ என்று பிறகு தெரிந்தது.
தக்காளிப் பாத்தியில் நான்கு,
திராட்சைக் கொடியில் இரண்டு,
ஏழாவது, சிறு கோயிலின் கூரைமேல்,
சிலுவைக்குப் பக்கத்தில், அசை போட்டபடி.
நான் கற்று வந்த கிரேக்கச் சொற்கள் இரண்டு.
காலை வணக்கம். நன்றி.
பிற்பகல் மூன்று மணிக்கு
இரண்டையும் சொன்னேன்.

ஒரு பக்கம் அவள் விரட்ட, மறு பக்கம் நான் கையை விரிக்க,
ஆறும் ஒரு வழியாக உள்ளே போயின.
டெஸ்பினா, டெஸ்பினா என்று
தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள்;
தனக்கு வேறு வேலை வந்ததுபோல் இறங்கியது அது.

கம்பியைக் காணோம்.
இடது ஷூவின் கயிற்றை உருவிக் கட்டினேன்.
அர்கிரோ முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்,
அவிழ்த்தாள்,
தானே கட்டினாள்.
பிறகு பாத்தியில் குனிந்து
ஆடு பாதி தின்ற தக்காளியின் மீதியை
என் உள்ளங்கையில் வைத்தாள்.
சிரிக்கவில்லை.
தண்டனையா, விருந்தா?
வெயிலில் சூடேறிய தக்காளி. தின்றேன்.

கோட்டை பார்க்கவில்லை. கடலில் கால் நனைக்கவில்லை.
கப்பலில் எல்லோரும் சாயும் சூரியனுக்காக
மேற்குப் பக்கம் குவிந்தார்கள்.
நான் எதிர்ப்பக்கக் கம்பியைப் பிடித்து
மலையின் இடுப்பில் ஒரு கட்டில் தலைமாட்டைத் தேடினேன்.

இறங்கும் நெரிசலில் ஷூ கழன்று பின்தங்கியது.
கயிறு பிடிக்கும் கப்பல் பையன் எடுத்து நீட்டி
வெறும் துளைகளைக் காட்டி
ஏதோ கேட்டான்.
நன்றி என்றேன்.